கரண்டி நின்ற ஒரு நொடி

அக்கா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். அம்மா தட்டிலிருந்து கண்ணெடுக்காமல், "சின்னவனுக்கு எடுத்து வெச்சியா? காலேஜ்ல இருந்து பசியோட வருவான்" என்றாள். அக்காவின் கையில் கரண்டி ஒரு நொடி அந்தரத்தில் நின்றது. பிறகு ரசம் அம்மாவின் சோற்றில் விழுந்தது. "வெச்சிருக்கேன். நீங்க சாப்புடுங்கம்மா."

சின்னவன் அக்காவின் மகன். பைக் விபத்தில் போய் அப்போது பதினான்கு மாதம் ஆகியிருந்தது. சாவுக்கு அம்மாவும்தான் இருந்தாள், மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அதன்பின் அவளுடைய ஞாபகம் வேகமாகச் சரிந்தது. முதல் தடவை அவள் பேரனைக் கேட்டபோது அக்கா உண்மையைச் சொல்லியிருக்கிறாள். அம்மா அந்தச் செய்தியை அப்போதுதான் கேட்பவளைப் போல ஒரு மணி நேரம் கதறினாள். சாயங்காலம் மறுபடியும், "எங்க அவன்?" மூன்றாவது தடவையோடு அக்கா உண்மை சொல்வதை நிறுத்திக்கொண்டாள். இப்போது அந்த வீட்டில் அவன் தினமும் காலேஜ் போகிறான்.

பெங்களூருக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் உறைத்தது. அந்தரத்தில் நின்ற கரண்டியை நான் முன்பே ஒரு புத்தகத்தில் பார்த்திருக்கிறேன். ஜெர்மானிய ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் தன் சிறுவயதைப் பற்றி எழுதிய நினைவுக்குறிப்பில்.

*

கோல்விட்ஸ் பிறந்தது 1867இல், கோனிக்ஸ்பெர்க் நகரில். அன்று பிரஷ்யா, இன்று ரஷ்யாவின் கலினின்கிராத். அம்மா கத்தரீனா, அரச திருச்சபையிலிருந்து விலகித் தனி சபை கண்ட யூலியுஸ் ரூப் என்ற மதகுருவின் மகள். கடமை, அடக்கம், புலம்பாமை இவற்றையெல்லாம் தாய்ப்பாலோடு ஊட்டிய வீடு அது. கத்தரீனாவின் முதல் இரண்டு குழந்தைகளும் இறந்துபோயின. கடைக்குட்டி பென்யமினுக்கு ஒரு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது.

கேத்தே எழுதியிருக்கும் காட்சி இது. குடும்பம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறது. அம்மா எல்லோருக்கும் சூப் ஊற்றுகிறார். வீட்டுச் செவிலி கதவைத் திறந்து, குழந்தை மறுபடி வாந்தி எடுக்கிறான் என்று சத்தமாகச் சொல்கிறாள். அம்மா விறைத்து நிற்கிறார். பிறகு சூப் ஊற்றுவதைத் தொடர்கிறார். எல்லோர் முன்னாலும் அழக்கூடாது என்று அம்மா தன்னை இறுக்கிக்கொண்டது சிறுமிக்குத் தெளிவாகத் தெரிகிறது. எவ்வளவு வலிக்கிறது என்பதும் தெரிகிறது.

பென்யமின் இறந்தான். அப்போது கேத்தே கட்டைகளை அடுக்கிக் கோயில் கட்டி, வீனஸ் தேவதைக்குப் பூஜை செய்யும் விளையாட்டில் இருந்தாள். வேறு தெய்வத்தைக் கும்பிட்டதற்குக் கடவுள் தம்பியை எடுத்துக்கொண்டார், தப்பு தன்னுடையதுதான் என்று நம்பினாள். யாரிடமும் சொல்லவில்லை. சொல்கிற மாதிரியான வீடாக அது இல்லை.

நம் வீடுகளில் அந்தக் கரண்டிக்காரப் பெண்களுக்குப் பெரிய மரியாதை உண்டு. "அத்தன துக்கத்துலயும் ஒரு வேள சோறு தவறல பாரு" என்று பேசுவார்கள். பதினாறாம் நாள் முடிந்த கையோடு அடுப்பைப் பற்றவைத்தவள் கதை எந்த ஊரில் இல்லை? கேத்தேவுக்கும் அந்த மரியாதை இருந்தது. ஆனால் கூடவே இன்னொன்றையும் எழுதிவைத்தார், அதற்காகவே எனக்கு அவர் முக்கியம். அம்மா ஒருநாளும் துக்கத்தில் உடைந்து பார்த்ததில்லை, ஆனால் பிள்ளைகளைப் பறிகொடுத்த அந்த ஆண்டுகள் அவரை ஒரு மடோனா சிலைபோல எட்டத்தில் நிறுத்திவிட்டன என்கிறார். பிள்ளைகள் அவரை நேசித்தார்கள். நெருங்க முடியவில்லை. அழாத அம்மாவின் விலையில் ஒரு பங்கை, உயிரோடிருந்த பிள்ளைகள் கட்டினார்கள்.

*

அக்காவிடம் கோல்விட்ஸின் ஒரு சிற்பத்தை போனில் காட்டியிருக்கிறேன். பெல்ஜியத்தில் ஃப்ளாட்ஸ்லோ என்ற இடத்தில், ஜெர்மன் போர்வீரர்களின் கல்லறைத் தோட்டத்தில் இருக்கும் 'துயருறும் பெற்றோர்'. இரண்டு கருங்கல் உருவங்கள், தனித்தனிப் பீடங்களில். அப்பா மண்டியிட்டு, நிமிர்ந்த முதுகோடு, கைகளால் தன்னையே இறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். அம்மா முன்னால் குனிந்து சரிந்திருக்கிறார். இருவருக்கும் நடுவே இடைவெளி.

ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துதான் காட்டினேன். துக்கத்தில் இருப்பவர்களுக்குக் கலையை ஃபார்வர்ட் செய்வது எங்கள் மாதிரி ஆட்களின் கெட்ட பழக்கம். அக்கா போனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "எத்தன வருசம் ஆச்சாம் இத செய்ய?" பதினெட்டு என்றேன். "அதுவரைக்கும் இவங்க அம்மாவ யாரு பாத்தாங்களாம்?"

கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். என்னிடம் அப்போது பதில் இல்லை. கோல்விட்ஸைப் பற்றிப் படித்தவற்றிலெல்லாம் மகனும் போரும் சிற்பமும் இருந்தன. அம்மாவைப் பென்யமின் கதையோடு நான் மறந்துவிட்டிருந்தேன். திரும்பவும் படிக்க வேண்டியிருந்தது, இந்தத் தடவை அக்காவின் கேள்வியோடு.

*

1891இல் கேத்தே, கார்ல் கோல்விட்ஸ் என்ற டாக்டரைத் திருமணம் செய்துகொண்டு பெர்லின் வந்தார். தொழிலாளர்கள் வாழ்ந்த வடக்கு பெர்லினில், வைசன்பூர்கர் தெரு 25ஆம் எண் கட்டிடத்தில் வீடும் கிளினிக்கும். கார்லின் நோயாளிகள் பெரும்பாலும் காப்பீட்டுச் சங்கத்து ஏழைத் தொழிலாளர்கள். வைத்தியத்துக்கு வந்து கதை சொல்லி அழுத பெண்கள்தான் கேத்தேயின் ஓவியங்களுக்குள் நடந்துபோனார்கள். இரண்டு மகன்கள்: ஹான்ஸ் 1892இல், பீட்டர் 1896இல்.

1903இல் 'இறந்த குழந்தையோடு பெண்' என்ற செதுக்கோவியம் செய்தார். மாடல் வைக்கவில்லை. ஏழு வயது பீட்டரைக் கையில் கிடத்திக்கொண்டு கண்ணாடியைப் பார்த்துத் தானே வரைந்தார். கனம் தாங்காமல் அவர் முனகியபோது, கவலைப்படாதே அம்மா, நன்றாகத்தான் வரும் என்று கையிலிருந்த சவம் ஆறுதல் சொன்னதாம். இதை நான் முதலில் படித்தபோது சிரித்தேன்.

1914 ஆகஸ்டில் போர் தொடங்கியபோது பீட்டருக்குப் பதினெட்டு வயது. நண்பர்களோடு நார்வேயில் ஊர்சுற்றிக்கொண்டிருந்தவன் அவசரமாகத் திரும்பிவந்து, படையில் சேரப் போகிறேன் என்றான். அந்த வயதில் தானாக முன்வந்து சேர அப்பாவின் சம்மதம் வேண்டும். கார்ல் மறுத்தார். உன் வயதுக்காரர்களை நாடு இன்னும் கூப்பிடவில்லையே என்றார். பையன் ஒன்றும் சொல்லாமல் அம்மாவைப் பார்த்தான். கேத்தே எழுந்து போய்க் கணவரிடம் மகனுக்காகக் கெஞ்சினார். கார்ல் இறங்கிவந்தார். இது நடந்தது ஆகஸ்ட் 10. அக்டோபர் 22ஆம் தேதி இரவில், பெல்ஜியத்தின் டிக்ஸ்மவுடே பக்கம் பீட்டர் கொல்லப்பட்டான். வீட்டிலிருந்து போர்முனைக்குக் கிளம்பி இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

அக்கா வீட்டில், பைக் வேண்டாம் என்றவர் மாமா. "எல்லாப் பசங்களும் வெச்சிருக்காங்க, வாங்கிக் குடுங்க" என்றது அக்கா. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை.

கேத்தே மகனின் அறையை அப்படியே வைத்திருந்தார். பூ வைத்தார், கிறிஸ்துமஸுக்கு அங்கே ஒரு சின்ன மரமும் வைத்தார். டிசம்பர் தொடங்கும்போதே அவனுக்கு நினைவுச்சின்னம் செய்யும் எண்ணம் நாட்குறிப்பில் வந்துவிட்டது. முதல் திட்டத்தில் நடுவில் மகன் படுத்திருக்கிறான், தலைமாட்டில் அப்பா, கால்மாட்டில் அம்மா. வருடக்கணக்காக அதோடு மல்லுக்கட்டினார். களிமண் உருவங்களைச் செய்தார், கலைத்தார். 1919இல் கைவிட்டார். திரும்பி வருவேன், உனக்காகவும் மற்றவர்களுக்காகவும் இதைச் செய்து முடிப்பேன் என்று மகனிடம் பேசுவதுபோல எழுதிவைத்துவிட்டு ஸ்டுடியோவை மூடினார்.

நம் கதைகளில் புத்திர சோகம் வந்தால் ஆள் செத்துப்போகிறார். தசரதன் செத்துப்போகிறான். அவன் அம்பு பட்டு மகனை இழந்த பார்வையில்லாத பெற்றோரும் அந்தச் சிதையிலேயே விழுந்தார்கள். மறுநாள் விடிந்து, வயதான அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக்கொடுக்க வேண்டிய பாத்திரம் இதிகாசத்தில் கிடையாது. 1981இல் டாரத்தி மில்லர் என்ற அமெரிக்க சமூகப் பணியாளர் 'சாண்ட்விச் தலைமுறை' என்று ஒரு பெயர் வைத்தார். மேலே பெற்றோர், கீழே பிள்ளைகள், நடுவில் நசுங்குபவர்கள். எங்கள் ஆபீஸ் எச்.ஆர். மெயில்களில்கூட அடிக்கடி வரும் சொல் அது. அதுவும் கீழே ஒரு துண்டு ரொட்டி இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. அது போனபின் மேலே இருப்பதைத் தாங்குகிறவர்களுக்குச் சொல் இல்லை.

*

அக்காவின் கேள்விக்கு வருகிறேன்.

போருக்குப் பிந்தைய அந்த ஆண்டுகளில் கத்தரீனா, மகள் கேத்தேயின் வீட்டில்தான் இருந்தார். எண்பது தாண்டிவிட்டது. அப்பா 1898இலேயே போய்ச் சேர்ந்திருந்தார். அம்மாவின் நினைவு கொஞ்சம் கொஞ்சமாக மங்கியது. காலம் குழம்பியது. 1925இல் இறக்கும்வரை மகளோடேயே இருந்தார்.

அந்த வீட்டில் அதே ஆண்டுகளில் வேறு என்னவெல்லாம் நடந்தது என்று அடுக்கிப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. 1919இல் பிரஷ்ய கலை அகாதமி கேத்தேவை உறுப்பினராக்கிப் பேராசிரியர் பட்டம் கொடுத்தது; ஒரு பெண்ணுக்கு அதுவே முதல்முறை. 1921இல் ஹான்ஸுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பீட்டர் என்று பெயர் வைத்தார்கள். 1923இல் பணவீக்கம் ஒரு ரொட்டியின் விலையைக் கோடிகளுக்கு ஏற்றியது. அதே ஆண்டுவாக்கில் 'போர்' என்ற ஏழு மரச்செதுக்கோவியங்கள் வெளிவந்தன. அதில் மூன்றாவது, 'பெற்றோர்': இரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் கவிழ்ந்து ஒரே கறுப்புக் குவியலாகிக் கிடப்பார்கள். 1924இல் 'இனி ஒருபோதும் போர் வேண்டாம்' சுவரொட்டி. இவ்வளவும் நடக்க, உள்ளறையில் ஞாபகமில்லாத அம்மா.

எனக்குத் தலைகீழாகப் புரட்டிப்போட்டது இன்னொன்று. அந்தச் சூப் காட்சி வரும் நினைவுக்குறிப்பை அவர் எழுதியதும் இந்த ஆண்டுகளில்தான், மகன் ஹான்ஸ் கேட்டுக்கொண்டதற்காக. நான் அதை ஒரு சிறுமியின் ஞாபகமாகவே படித்து வைத்திருந்தேன். எழுதியவருக்கு ஐம்பத்தைந்தைத் தாண்டிய வயது. தானும் ஒரு மகனைப் பறிகொடுத்தவர். கரண்டி பிடித்த அந்த அம்மா அதே வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். மூன்று குழந்தைகளைப் புதைத்ததைப் பற்றி வாயே திறக்காத பெண், இனித் திறந்தாலும் சொல்வதற்கு நினைவில்லாமல். கேத்தே என்ன செய்தார்? அம்மாவின் துக்கத்தைத் தான் வாங்கி எழுதிவைத்தார். எட்டத்தில் நின்ற அம்மா மேல் குற்றம் சொல்லாமல், அந்த எட்டத்தையும் மறைக்காமல்.

அம்மாவை வரையவும் செய்தார். வயதான கை, சரிந்த முகம். வழக்கமாக இந்த இடத்தில் கட்டுரைக்காரர்கள் "பராமரிப்பே அவருக்குத் துயரிலிருந்து விடுதலையானது" என்று எழுதுவார்கள். நாட்குறிப்பில் அப்படி ஒரு விடுதலையும் இல்லை. சோர்வு இருக்கிறது. வேலை ஓடாத மாதங்கள் இருக்கின்றன. மகனின் இறந்தநாள் வருடாவருடம் வருகிறது.

அப்புறம், லீனா. அவர் அந்த வீட்டின் பணிப்பெண், பல பத்தாண்டுகள் அவர்களோடேயே இருந்தவர். கலை வரலாற்றுப் புத்தகங்களில் லீனாவுக்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம். ஆனால் அடுப்பும் கடையும் துணியும் ஒருவர் கையில் இருந்ததால்தான் கேத்தே காலையில் கதவைச் சாத்திக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போக முடிந்தது. வீட்டுக்கு வெளியே தனி ஸ்டுடியோ இருந்தது. டாக்டர் கணவர் அதே கட்டிடத்தில் இருந்தார். தங்கை லீஸே பெர்லினில் இருந்தாள். பதினெட்டு வருடத் துக்கத்தை ஒரு வேலைபோலச் செய்ய இவ்வளவு கைகள் வேண்டியிருந்தன. கோல்விட்ஸின் மன உறுதியைப் புகழ்கிறவர்கள் இந்தக் கணக்கையும் போட வேண்டும். சின்ன வயதில் அவர் பார்த்த வீட்டிலும் செவிலி இருந்தாள்தான். ஆனால் அங்கே அம்மாவுக்கு அழுவதற்கென்று ஓர் அறை இல்லை. மகளுக்கு ஸ்டுடியோ இருந்தது.

*

1920களின் நடுவில் நினைவுச்சின்ன வேலை மறுபடி தொடங்கியது. அம்மாவின் சாவையும் இதையும் ஒரு கோட்டில் இழுத்துக் கதை பண்ணும் ஆசை வருகிறது, அடக்கிக்கொள்கிறேன். ஆனால் திட்டத்தில் வந்த மாற்றம் கண்ணுக்குத் தெரிவது: மகன் இப்போது இல்லை. படுத்திருந்த அந்த உடம்பை எடுத்துவிட்டார். இரண்டு வயதானவர்கள் மட்டும் மண்டியிட்டிருக்கிறார்கள்.

1926இல் கணவரும் மனைவியும் பெல்ஜியம் போய் ரோகெவெல்டெ என்ற இடத்தில் மகனின் கல்லறையைப் பார்த்தார்கள். அதற்கும் பிறகு ஆறு வருடம். 1932 ஜூலையில் கருங்கல் உருவங்கள் அங்கே நிறுத்தப்பட்டன. அப்பாவின் முகத்தில் கார்லின் சாயல், அம்மாவின் முகத்தில் கேத்தேயின் சாயல். எல்லாம் முடிந்து கிளம்புவதற்கு முன் அந்தக் கல் பெண்ணின் முன்னால் போய் நின்று, தன் முகத்தையே பார்த்து அழுது, அவள் கன்னத்தைத் தடவிக்கொடுத்ததாக கேத்தே எழுதுகிறார். கார்ல் பின்னாலேயே நின்றிருந்தார்.

மிச்சத்தைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். 1933இல் நாஜிகள் அவரை அகாதமியிலிருந்து வெளியேற்றினார்கள். 1930களின் கடைசியில் சின்னதாக ஒரு வெண்கலச் சிற்பம் செய்தார், இறந்த மகனை மடிக்குள் பொதிந்து வைத்திருக்கும் தாய். அந்தத் தாய் இளம் மரியாள் இல்லை, யோசனையில் மூழ்கிய கிழவி. அதைப் பெரிதாக்கி 1993இல் பெர்லினின் நோயே வாஹே மண்டபத்தில் வைத்தார்கள். 1940இல் கார்ல் இறந்தார். 1942இல் பேரன் பீட்டர், மாமன் பெயர் இல்லை, சித்தப்பன் பெயரைச் சுமந்தவன், ரஷ்யப் போர்முனையில் செத்தான். 1943இல் வைசன்பூர்கர் தெரு வீடு குண்டுவீச்சில் போனது. 1945 ஏப்ரல் 22ஆம் தேதி, போர் முடியப் பதினைந்து இருபது நாள் இருக்கும்போது, மோரிட்ஸ்பூர்க்கில் கேத்தே இறந்தார். 1950களில் ரோகெவெல்டெ கல்லறைகளை ஃப்ளாட்ஸ்லோவுக்கு மாற்றியபோது பீட்டரின் எலும்புகளும் கல் பெற்றோரும் சேர்ந்தே போனார்கள். 25,000க்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். அப்பா உருவத்தின் பார்வைக்கு நேராக உள்ள கல்பலகையில் இருக்கும் பெயர்களில் ஒன்று பீட்டர் கோல்விட்ஸ்.

*

அக்காவுக்கு ஒரு மகளும் இருக்கிறாள், பிளஸ் ஒன் படிக்கிறாள். போன மாதம் ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு மெசேஜ் அனுப்பினாள்: "மாமா, அம்மா அழவே மாட்டேங்கறாங்க. எனக்கு பயமா இருக்கு." கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த சிறுமி ஞாபகம் வந்தாள். இவள் எந்தத் தப்பைத் தன்மேல் போட்டு வைத்திருக்கிறாளோ. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தது மறுநாள்தான். அதுவும் ஒருவிதத்தில் தப்பித்தல் என்று தெரிகிறது. மாதம் பணம் அனுப்புகிறவன், டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டை ஆன்லைனில் போடுகிறவன், கரண்டியைத் தொடாதவன் எழுதுகிற கட்டுரை.

ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு போன் போட்டுப் பதிலைச் சொன்னேன். அவங்க அம்மா கடைசிவரைக்கும் அவங்க வீட்டிலதான் இருந்தாங்க, ஞாபகம் போயிருச்சு, லீனான்னு ஒருத்தங்க கூடமாட இருந்தாங்க, அதனால இவங்க தினம் ஸ்டுடியோ போக முடிஞ்சுது. அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். பின்னால் அம்மாவின் குரல், யாரையோ கூப்பிடுகிறது.

"ஸ்டுடியோல போயி அழுவாங்களா?"

"வேலதான் செய்வாங்க. சில நாள் அழுவாங்க."

"செரி." கொஞ்ச நேரம் சத்தமில்லை. "லீனா மாதிரி ஒரு ஆளு கெடைக்குமான்னு பாரு. அதுவரைக்கும் நீ ஒரு வாரம் வந்து இரு. அவன் ரூமத் தொறந்து சுத்தம் பண்ணோணும். கதவச் சாத்திட்டுப் பண்ணோணும்."

வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டுவிட்டு, ஒரு வாரம் லீவு வேண்டும் என்று மேனேஜரிடம் கேட்டேன். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்றார். இல்லை, சமைக்கப் போகிறேன் என்றேன்.